தகரத்தில் தட்டாத நாட்கள்

மண்ணெண்ணெய்த் தகரம் என்றால் என்னவென்று என் வயதுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதில் தண்ணீர் அள்ளியிருப்பீர்கள், நெல் அவித்திருப்பீர்கள், வெட்டித் தட்டிப் படலைக் கதவுக்கு அடித்திருப்பீர்கள். எனக்கு மட்டும் யாராவது வெறும் தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவேன். ஏன் என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

அது இரண்டாம் உலகச் சண்டை தொடங்க முந்திய ஒரு மாரிகாலம். எனக்கு ஒன்பது வயது. புத்தூருக்குக் கிட்ட, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் வளவு, வேலி அடைத்த காணியும் வீடும். வீட்டில் ஐயா, அம்மா, அக்கா, நான். அக்காவுக்குப் பதினேழு. ஆவணியில் அவளுக்கு இருமல் பிடித்தது. ஒருநாள் கிணற்றடிக் கல்லில் சிவப்பாக ஏதோ கிடந்தது. வாடி விழுந்த பூவரசம் பூவென்று நினைத்து எடுக்கக் குனிந்தேன். அது பூவில்லை. அக்கா என்னைப் பிடித்து இழுத்த இழுவையில் என் சட்டைக் கை கிழிந்துபோனது. அவள் என்னைக் கடைசியாகத் தொட்டது அன்றைக்குத்தான் என்று பிறகு பல நாள் எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

தெல்லிப்பழை ஆசுபத்திரிக்கு வண்டிலில் கொண்டுபோய்க் காட்டினார்கள். சயரோகம் என்றார் டொக்டர். அப்போது அதற்கு ஊசியுமில்லை, குளிசையுமில்லை. காற்றோட்டமான இடத்தில் தனியே படுக்கவேண்டும், பால் குடிக்கவேண்டும், நாளுக்கு இரண்டு முட்டை சாப்பிடவேண்டும், தைப்பொங்கல் கழிய வந்து தராசில் நிறை பார்க்கவேண்டும். நிறை ஏறினால் பிழைப்பாள். இறங்கியிருந்தால் தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று கையை விரித்தாராம்.

எங்கள் வீட்டில் மச்சம் சாப்பிடுவதில்லை, மீன்கூட வாங்கியதில்லை. வளவு மூலையில் வைரவர் சூலம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க முதல் அங்கே விளக்கு வைப்பார். அந்த வீட்டுக்குள் முட்டை என்ற சொல் வந்த அன்று நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

“முட்டை மச்சமோ இல்லையோ?” என்றார் அம்மா.

“மருந்து” என்றார் ஐயா.

“மருந்தெண்டால் ஆசுபத்திரியிலை போத்திலுக்கை தருவினம். இது கோழியின்ரை வயித்துக்குள்ளாலை வாறது.”

“உமக்குப் பிள்ளை வேணுமோ, சுத்தம் வேணுமோ?”

அம்மா எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்பை ஊதினார். அங்கிருந்தபடி, “குசினிக்குள்ளை வரப்படாது” என்று மட்டும் சொன்னார்.

வாழைகளுக்கு அப்பால், வளவின் கடைசி அந்தலையில் அக்காவுக்கு ஒரு ஓலைக் கொட்டில் எழும்பியது. கதவில்லை, ஒரு பக்கம் திறந்தபடி. அதற்கு எதிரே, பத்துப் பதினைந்து அடி தள்ளி, இடைவெளி விட்டுப் பனஞ்சலாகை அடித்த ஒரு கோழிக்கூடு. இரண்டும் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. கோழிகள் வளவைத் தொட்டுப் போகிற ஒழுங்கைக்கு அப்பால் இருந்த வாத்தியாரம்மா வீட்டிலிருந்து வந்தன. மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி அவர். வேதக்காரர், கோழி வளர்ப்பவர். நாலு பேட்டுக் கோழி. பனையோலைக் கடகத்துக்குள் இட்டு மேலே சீலை மூடி, ஏதோ மரக்கறி கொண்டுவருவதுபோல ஐயா கொண்டுவந்தார். சேவல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சேவல் கூவினால் ஊருக்கே தெரிந்துவிடும். பேடு முட்டையிட்டுக் கொக்கரிக்கும்போது என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. அதை அம்மா பார்த்துக்கொண்டார். கொக்கரிக்கத் தொடங்கினால் அம்மா ஓடிப்போய் உலக்கையை எடுத்து வெறும் உரலில் இடிப்பார். அப்படித்தான் அந்த ஐப்பசி முழுவதும் எங்கள் வீட்டில் மா இல்லாமல் மா இடிபட்டது.

கோழிக்கூட்டுக்குள் போனவர் தலைமுழுகாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. நாளுக்கு இரண்டு தரம் தீன் போட்டு இரண்டு தரம் யார் முழுகுவது? ஐயா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டி எடுத்தார். அடியோரம் சுற்றிவர ஓட்டைகள் போட்டார். அம்மா கழித்துவிட்ட பழைய தாச்சிச் சட்டிக்குள் அதை இருத்திக் கம்பியால் பிணைத்தார். மேலே கொட்டுகிற தவிடும் பிண்ணாக்கும் ஓட்டைகளால் சொரிந்து தாச்சியில் நிற்கும். கோழி தின்னத் தின்ன இன்னும் சொரியும். எலி ஏறாதபடி எல்லாவற்றையும் கூட்டின் கூரை வளையிலிருந்து தும்புக் கயிற்றில் தொங்கவிட்டார். இதற்கெல்லாம் மேலே ஒரு கெட்டித்தனம் செய்தார். மூங்கிலைப் பாதியாகப் பிளந்து ஒரு நீளப் பீலி. அதன் ஒரு நுனி கூட்டுக்கு வெளியே உயரத்தில், மறு நுனி தகரத்தின் வாய்க்கு மேலே. வெளியே நின்று பீலியில் கொட்டினால் தீன் வழுக்கிப்போய்த் தகரத்துக்குள் விழும். உள்ளே யாரும் போகத் தேவையில்லை. ஞாயிறுகளில் ஐயா போய்ப் பீயைக் கூட்டித் தள்ளிவிட்டு முழுகுவார், அவ்வளவுதான்.

வாத்தியாரம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “நல்ல வேலைதான். ஆனால் தவிடு இறுகும், ஐயா. நாளுக்கு ஒருக்காலாவது தகரத்தைத் தட்டிவிடுங்கோ.”

தட்டுகிற வேலை எனக்கு. காலமையில் கொக்கத்தடியைச் சலாகை இடுக்கால் உள்ளே விட்டுத் தகரத்தில் நாலு தட்டுத் தட்டவேண்டும். முட்டைப் பெட்டியின் சின்னக் கதவை வெளியிலிருந்து திறந்து, நீளப் பிடி போட்ட சிரட்டை அகப்பையால் முட்டையை எடுக்கவேண்டும். அக்காவின் கொட்டிலுக்கு முன்னால் இருந்த கல்லில் அதை வைத்துவிட்டுத் திரும்பவேண்டும். அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது. அக்கா எழுந்துவந்து எடுத்து, மூன்று கல் வைத்த தன் அடுப்பில் தானே அவித்துச் சாப்பிடுவாள். அந்த அகப்பை இப்போது எங்கே போனதோ தெரியாது. முட்டை அதன் குழிக்குள் உருண்டு நிற்கிற பாரம் மட்டும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

கார்த்திகை மழை தொடங்கிய மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் தடியை விட்டுத் தட்டியபோது வளையிலிருந்து ஏதோ நீளமாகச் சரிந்து தடியில் விழுந்தது. வெள்ளையாக, மெல்லிசாக, என் உயரத்துக்கு மேல். காற்றில் அது நெளிந்து தடி வழியே என் கையை நோக்கி வந்தது. பாம்புச் செட்டை, பாம்பு கழற்றிப்போட்ட தோல். தடியைப் போட்டுவிட்டு வாழைக்குள் ஓடினேன். 

வீட்டில் சொல்லவில்லை. ஏனென்றால் கோழி வந்த முதல்நாளே அம்மா சொல்லியிருந்தார்: “கோழி நிக்கிற வளவுக்குப் பாம்பு வரும். ஒண்டைக் கண்டாலும் நாலையும் துரத்திப்போடுவன்.” செட்டை இருந்தால் பாம்பு இருக்கும். பாம்பு இருந்தால் கோழி போகும். கோழி போனால் அக்காவுக்கு முட்டை இல்லை. ஒன்பது வயதில் இவ்வளவையும் நானே கூட்டிக் கணக்குப் பார்த்து, வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தத் தகரத்துக்குக் கிட்டப் போகவும் என்னால் முடியவில்லை.

அடுத்த நாள் காலை அம்மா குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டார். “தட்டினியோ, பிள்ளை?”

நான் வேலி ஓரத்தில் நின்றிருந்தேன். கையில் ஒரு விறகுக் கட்டை. வேலிக்கு நட்ட மரக் கதியாலில் நாலு தட்டுத் தட்டினேன்.

“ஓம் அம்மா, தட்டினனான்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் கதியாலில்தான் தட்டினேன். முட்டைப் பெட்டிக் கதவைத் திறக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் அகப்பையை விடுவேன்.

முட்டை மூன்றாகக் குறைந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்று. மார்கழி பிறந்தபோது ஒன்றுமில்லை. உலக்கைச் சத்தமும் நின்றுபோனது. கல்லில் வைக்க ஒன்றுமில்லாமல் நான் பால் செம்பை மட்டும் வைத்துவிட்டு நிற்பேன். அக்கா எழும்பி வருவாள். அவளுடைய சட்டைக்குள் காற்றுப் புகுந்து போவது தெரியும். “இண்டைக்கும் விரதமோ?” என்று கேட்டுச் சிரிப்பாள். சிரிப்பு இருமலாக மாறும். நான் கல்லிலிருந்து பின்னுக்கு நடப்பேன். அவளுக்கு முதுகு காட்டப் பயம். ஏன் என்று தெரியாது.

ஐயா சலாகைக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார். “தகரம் நிறையத் தீன் கிடக்கு. இதுகள் தின்னுதில்லை.” ஞாயிறுகளில் உள்ளே போனவரும் நிலத்தைப் பார்த்துக் கூட்டிவிட்டு வந்தாரே தவிர, தகரத்தைத் தொடவில்லை. அதைத் தொடாமல் இருப்பதற்குத்தானே அவ்வளவு பாடுபட்டுச் செய்தார்.

“தின்னாது” என்றார் அம்மா. “வைரவருக்குப் பொறுக்கேல்லை.”

ஒருநாள் மத்தியானம் ஒரு கோழி செத்துக் கிடந்தது. ஐயா அதன் காலைப் பிடித்துத் தூக்கினார். ஒரு பழந்துணியைத் தூக்கியதுபோல இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. என்னையே பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. சாப்பாட்டில் கை வைக்காமல் ஐயா கத்தினார்: “நாளைக்கு விடிய மிச்ச மூண்டையும் வாத்தியாரம்மாவிட்டைக் குடுத்திடுவம்.”

“வைரவருக்கு வடைமாலை சாத்துறன் எண்டு நேர்ந்திட்டன்” என்றார் அம்மா.

“பிள்ளைக்கு?”

“பிள்ளைக்கு...” என்று தொடங்கிய அம்மா சோற்றுப் பானையை மூடிவிட்டு எழும்பிப் போனார்.

நான் கொன்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. கோழியை. அடுத்தது அக்கா. அந்தக் கணக்கில் பிழையே இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஐயா தோட்டத்துக்குப் போன பிறகு, தூறலில் நனைந்துகொண்டு போய்க் கல்லுக்கு முன்னால் நின்றேன்.

“அக்கா.”

“என்னடி?”

“நாளைக்குக் கோழியளைக் கொண்டுபோகப் போகினம்.”

“ஓம். ஐயா கத்திக் கதைச்சது கேட்டது.”

“நான்... தகரத்திலை...” அதற்குமேல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

“தட்டேல்லை. தெரியும்.”

“தெரியுமோ?”

“தகரத்திலை தட்டினால் டங் எண்டு கேக்கும். நீ தட்டினது டொக் டொக். எனக்கு நெஞ்சுதான் பழுது, காது இல்லை.”

“ஏன் அம்மாட்டைச் சொல்லேல்லை?”

“அதைப் பிறகு சொல்லுறன். இப்ப உள்ளுக்குப் போய் உந்தத் தகரத்துக்கு என்ன எண்டு பார்.”

“பாம்பு இருக்குது.”

“செட்டைதான் இருக்குது. பகல் முழுக்க உந்தக் கூட்டைத்தானே பாத்துக்கொண்டு கிடக்கிறன். பாம்பு போய்க் கன நாள். உன்னைப்போலை அதுக்கும் பயம்.”

கூட்டுக் கதவைத் திறந்தேன். காரம் மூக்கில் ஏறியது. மூன்று கோழிகளும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கின. செட்டை சலாகை இடுக்கில் உயரத்தில் சிக்கித் தொங்கியது. அதைப் பார்க்காமல் மறுபக்கச் சலாகையோடு ஒட்டி நகர்ந்தேன்.

“தகரம் உனக்கு எந்த அளவிலை நிக்குது?” கொட்டிலிலிருந்து அக்காவின் குரல்.

“இடுப்புக்கு.”

“அப்ப கோழிக்கு?”

நான் கோழிகளைப் பார்த்தேன். அவற்றின் தலைக்கு மேலே தாச்சியின் விளிம்பு நின்றது. ஐயா கட்டியபோது அவற்றின் முதுகளவில்தான் நின்றது. மழை ஈரத்தில் தும்புக் கயிறு முறுகிச் சுருங்கி, நாளாக நாளாகத் தகரத்தை மேலே தூக்கியிருக்கிறது. சாணளவு இல்லை, அதிலும் பாதி. குந்தி எழும்பத் தென்பில்லாத கோழிக்கு அது போதும்.

“தட்டிப் பார்.”

கையால் தட்டினேன். டங் என்று கேட்கவில்லை. மண்மூட்டையில் தட்டியதுபோல ஒரு சத்தம்.

“ஓட்டையளுக்கை விரலை விடு.”

“மாட்டன்.”

“விடடி. கடிக்க அதுக்குள்ளை பல்லில்லை.”

விட்டேன். உள்ளே கல். கயிற்றை அவிழ்த்தேன். பாரம் தாங்காமல் தகரம் தொப்பென்று விழ, ஒரு கோழி என் தோளில் பாய்ந்து தலைக்கு மேலால் பறந்தது. நான் வைத்த கத்தலில் அக்காவும் கத்தினாள். நிமிர்ந்து பார்த்தபோது அவள் பாயிலிருந்து எழும்பிக் கொட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தகரத்தின் வாயில் ஒரு பிடியளவு தவிடு உதிரியாகக் கிடந்தது. வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அதுதான். அதற்குக் கீழே களி. களிக்குக் கீழே, பச்சையும் கறுப்புமாகப் பூத்து, புளித்து நாறிக்கொண்டு, கொத்தினால்தான் உடையும்போல ஒரு கட்டி. அது எல்லா ஓட்டைகளையும் அடைத்திருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பிடரியில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. மேலே பார்த்தேன்.

“அக்கா! பீலியாலை தண்ணி வருது!”

வெளியே வானத்தைப் பார்த்தபடி சரிந்து நின்ற பீலி, பெய்த மழையையெல்லாம் ஏந்தி ஒழுங்காகத் தகரத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தது. ஐயா அதைச் செய்தது வெயில் காலத்தில்.

 அக்கா சிரித்தாள். “தோட்டத்துக்கு இறைக்கிற மனிசனெல்லோ. கோழிக்கும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்.”

சிரட்டையால் சுரண்டினேன். நகத்துக்குள் புழு ஏறியது. பீலியைப் பிடித்து வெளியே தள்ளினேன். வெறும் தகரத்தைக் கோழி முதுகளவில் திருப்பிக் கட்டினேன். முடிச்சு எப்படிப் போடுவது என்று அக்கா காற்றில் விரலால் காட்டினாள். காய்ந்த குரக்கன் தானியத்தைப் பாவாடை மடியில் அள்ளிவந்து கொட்டினேன். மூன்றும் என் கால்களுக்கு மேலால் விழுந்தடித்து வந்தன. கொத்திய கொத்தில் தாச்சி ஆடியது. அவ்வளவு பசியை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அதுவும் எனக்குப் பயமாகவே இருந்தது.

திரும்பினேன். வாழையடியில் அம்மா நின்றார்.

 கிணற்றடிக்கு நட என்று கையால் காட்டினார். தூர நின்றே வாளி வாளியாக ஊற்றினார். மார்கழித் தண்ணீர். பல் கிடுகிடுத்தது. அடி விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

“பீலியாலை தண்ணியோ?” என்றார் கடைசியில். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“ஓம்.”

இன்னொரு வாளி.

“நாளைக்குக் கொண்டுபோகினமோ அம்மா?”

“வடைமாலை நேர்ந்தபடி சாத்துவம். கோழியைப் பிறகு பாப்பம்.” வாளியைக் கல்லில் வைத்தார். “இனி விடிய வெள்ளெனக் கூட்டுக்குப் போ. ஈரத் தலையோடை பள்ளிக்கூடம் போகேலாது.”

 அடுத்த நாள் ஐயாவின் பீலி கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான் ஒவ்வொரு காலையும் கூட்டுக்குள் போனேன், தீன் போட்டேன், வெறும் கையால் தகரத்தில் தட்டினேன். டங், டங். எதிரே கொட்டிலிலிருந்து அக்கா தன் பால் செம்பில் கரண்டியால் தட்டுவாள். டிங், டிங். பிறகு கிணற்றடியில் அம்மா வாளியோடு நிற்பார். தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது முதல் கோழி கொக்கரித்தது. அம்மா உலக்கையை எடுக்க மறந்துபோய் அப்படியே குசினி வாசலில் நின்றார்.

அக்கா பிழைத்தாளா என்று கேட்பீர்கள். பிழைத்தாள். கரவெட்டியில் கலியாணம் செய்து பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டாள். ஆனால் அந்த மாரியில் எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. எங்கள் வீட்டார் பயந்தது பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த நோய் அப்படிப்பட்டது, ஒழுங்கைக்குள் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போன கதையும் இருந்தது. ஆனாலும் இப்போது யோசிக்கும்போது, கிட்டப் போகாமலே பசியாற்றிவிடலாம் என்று நாங்கள் நினைத்தது கோழிகளை மட்டுமில்லை என்று படுகிறது.

நிறை பார்க்கத் தெல்லிப்பழைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. ஐயா வண்டில் மாட்டை அவிழ்க்கப் போயிருந்தார். பனி மூட்டம். நான் கூட்டுக்குள் போய்த் தகரத்தில் தட்டினேன். டங், டங்.

பதில் இல்லை.

இன்னொரு தரம் தட்டினேன். கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. கொட்டில் பக்கம் இருமல்கூட இல்லை. கை நோகத் தட்டினேன். பிறகு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கல்லைத் தாண்டினேன். கொட்டிலுக்குள் ஓடினேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் கொஞ்சம் திறந்தபடி கிடந்தாள். அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கண் திறந்தது. சிவந்த, நித்திரைக் கண்.

“என்னடி? விடிஞ்சிட்டுதோ?” என்றாள். “ராத்திரி இருமலே வரேல்லை. செத்த நித்திரை.”

நான் அவளுடைய பாயில் இருந்துவிட்டேன்.  அவள் என்னைப் பார்த்தாள், என் தலையில் ஒட்டியிருந்த இறகைப் பார்த்தாள்.

“கோழிக்கு ஒருக்கால், எனக்கு ஒருக்கால். இண்டைக்கு ரண்டு முழுக்கு உனக்கு.”

“அக்கா, நான் தட்டாததை ஏன் அப்ப சொல்லேல்லை?”

அவள் இறகை எடுத்து விரலால் நீவினாள்.

“சொன்னால் ஐயா அந்த வேலையை வேறை ஆருக்காவது குடுத்திருப்பர். பிறகு காலமையிலை இஞ்சாலை ஆர் வருவினம்?”

கிணற்றடியில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. “எங்கையடி நிக்கிறாய்?” என்று அம்மா கூப்பிட்டார். “தண்ணி ஆறப்போகுது!”

முதல்முறையாக அன்றைக்கு அம்மா தண்ணீரைச் சுடவைத்திருந்தார். நான் வாயால் பதில் சொல்லவில்லை. அக்காவின் செம்பை எடுத்து, கரண்டியால் இரண்டு தரம் தட்டினேன்.